13 வயதில் அளந்தவரை 30 வயதில் மீண்டும் அளப்பது எப்படி

என் மேசையில் நீல அட்டை போட்ட பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் 2006ஆம் ஆண்டு ஜூலை மாதப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: வயது 13, உயரம் 141.3 செ.மீ., எடை 31.5 கிலோ. எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அதே பெண்ணை 2023இல் ஆம்பூர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் மறுபடி அளந்தேன். உயரம் 152.4, எடை 64. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 168. சர்க்கரை நோய் என்று சொல்வதற்கான எல்லை 200. அதை அவள் தொடவில்லை. ஆனால் இயல்புக்கான எல்லையான 140ஐத் தாண்டிவிட்டாள். "அக்கா, சின்ன வயதில் எங்கள் வீட்டிலேயே நான்தான் ஒல்லிக்குச்சி. எனக்கு எப்படி?" என்று கேட்டாள்.

எப்படி என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வேலையே நடக்கிறது. 30 வயதுப் பெண்ணிடம் "13 வயதில் நீ எத்தனை கிலோ இருந்தாய்?" என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. அன்றைக்கே ஒருவர் அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். பிறகு இன்னொருவர் அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, அதே முறையில் அளக்க வேண்டும். அளப்பதற்குக் கருவி இருக்கிறது, பயிற்சி வகுப்பு இருக்கிறது. தேடிக் கண்டுபிடிப்பதற்கு எந்த வகுப்பும் இல்லை. ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அளக்கும் தொடர் ஆய்வு ஒன்றின் களப்பணியில், 2004 முதல் குடியாத்தம், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரத்தில் இருக்கிறேன். எந்த ஆய்வு என்று சொல்லவில்லை; சொன்னால் அந்தப் பிள்ளைகள் யார் என்று தெரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் வாயால் சொல்லிக் கொடுப்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நமக்கு முன்னே நடந்தவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளைப் பிறந்தபோதே அளந்தார்கள். சிறு வயதிலும் வளரிளம் பருவத்திலும் மறுபடி அளந்தார்கள். 26 முதல் 32 வயதுக்குள் அவர்களில் 2,218 பேரைத் தேடிப் பிடித்துச் சர்க்கரைச் சோதனை செய்தார்கள். சிறு வயதில் மெலிந்திருந்து, வளர்ந்து ஆளாகும்போது எடை கூடியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் இருந்தது. தெற்கு டில்லியிலும் அதே காலத்தில் பிறந்த குழந்தைகளை இப்படியே தொடர்ந்தார்கள். அங்கே 8,181 பிறப்புகளில் தொடங்கி, பெரியவர்களான பிறகு 1,526 பேரைச் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 4.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 10.8 சதவீதம் பேர் நோயின் வாசலில். அந்தக் கோளாறு வந்தவர்கள் இரண்டு வயது வரை மெலிந்த பிள்ளைகளாக இருந்தவர்கள். அதன்பின் வேகமாக எடை ஏறியவர்கள். ஆனால் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடக் குண்டான பிள்ளை இல்லை! ஆம்பூர்ப் பெண்ணின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அப்படி ஒரு பதில் கிடைத்ததற்குக் காரணம், சைக்கிளிலும் நடந்தும் வீடு வீடாகப் போன பெண்களும் ஆண்களும் தேதி தவறாமல் எழுதி வைத்தது.

முதல் நாள் பதிவேட்டில் எழுத வேண்டியவை

ஒருவரை 17 ஆண்டு கழித்துக் கண்டுபிடிக்க முடியுமா முடியாதா என்பது முதல் நாளே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

பெயரை ஒரு முறை எழுதினால் போதாது. பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், தெருவில் கூப்பிடும் பெயர் மூன்றையும் எழுதுங்கள். பள்ளியில் ஜெயலட்சுமியாக இருப்பவள் வீட்டில் பாப்பா. பத்து ஆண்டு கழித்துத் தெருமுனையில் நின்று ஜெயலட்சுமி என்று கேட்டால், சொந்தப் பாட்டியே "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்பார். பெண் பிள்ளைகளுக்கு இனிஷியல் மாறும். அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வரும். ஆகவே இனிஷியலை மட்டும் நம்பாமல் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டையும் முழுதாக எழுதுங்கள்.

வீட்டு அடையாளம் எழுதும்போது மரத்தை எழுதாதீர்கள். 2005இல் "புளியமரத்துக்கு எதிர் வீடு" என்று நான் எழுதிய வீடுகள் பல உண்டு. சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போய்விட்டன; என் குறிப்பும் அவற்றோடு போய்விட்டது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை ஆகியவை நிற்கும். அவற்றிலிருந்து எத்தனையாவது வீடு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். மாவட்டத்தின் பெயரும் நிலையானது அல்ல. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பழைய முகவரிகளில் இருந்த மாவட்டப் பெயரை எல்லாம் உட்கார்ந்து திருத்தினோம். தேதி போட்டுத் திருத்துங்கள். பழையதை அழிக்காதீர்கள், ஒரு கோடு மட்டும் போடுங்கள். பழைய முகவரிதான் சில நேரம் வழிகாட்டும்.

அடுத்தது உறவு. அதே வீட்டில் வாழாத இருவரின் முகவரி வேண்டும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஊரைவிட்டுப் போய்விட்டால் வீட்டுக்குள் இருக்கும் எவரைப் பற்றிய விவரமும் உதவாது. நம் ஊரில் தாய்மாமன் வீடு மிக நம்பகமானது. சீர்வரிசைக்கும் காதுகுத்துக்கும் தாய்மாமனிடம் சொல்லாமல் எந்தக் குடும்பமும் இருக்காது. ஆகவே அவருக்குத் தெரியாமல் வீடு மாறுவதும் இல்லை. அம்மாவின் ஊர்ப் பெயரையும் கேளுங்கள். முதல் பிரசவத்துக்குப் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். அந்த மாதங்களில் அங்கே பிடிக்கலாம்.

இதையெல்லாம் பெற்றோரிடம் கேட்ட பிறகு, பிள்ளையிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கிறேன். "நீ பெரியவளாகி வேறு ஊருக்குப் போய்விட்டால், நீ எங்கே இருக்கிறாய் என்று யாருக்கு முதலில் தெரியும்?" இந்தக் கேள்வி படிவத்தில் கிடையாது. நானாகச் சேர்த்துக்கொண்டது. எந்தப் பிள்ளையும் சட்டென்று பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு சின்னம்மா என்று சொல்லும், பக்கத்து பெஞ்சுத் தோழியின் பெயரைச் சொல்லும், பால்வாடி ஆயா என்றுகூடச் சொல்லும். பெற்றோர் கொடுத்த விவரங்கள் எல்லாம் பயனற்றுப்போன பல முறை, ஒரு ஓரத்தில் எழுதி வைத்த இந்தப் பதில்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆம்பூர்ப் பெண் சொன்னது தன் தோழியின் பெயரை. அந்தத் தோழி குடியாத்தத்திலேயே தையல் கடை வைத்திருந்தாள்.

எழுதுவதற்குப் பால்பாயிண்ட் பேனா. ஜெல் பேனா மழையில் கரையும். தொலைபேசியில் பதிவு செய்தாலும் காகிதப் பிரதி ஒன்று பூட்டிய பீரோவில் இருக்கட்டும். பெயரும் முகவரியும் ஒரு பதிவேட்டில். அளவுகளும் பதில்களும் வேறொன்றில். இரண்டையும் ஆய்வு எண் மட்டுமே இணைக்க வேண்டும். எவராவது ஒன்றைத் திருடிப் போனாலும் யாருக்கு என்ன நோய் என்று தெரியக் கூடாது. மேலே நான் பெண்ணின் அளவுகளைச் சொன்னதுகூட அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான்.

இரண்டு சுற்றுகளுக்கு நடுவே

எல்லோரையும் அளக்கும் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று வர நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் சும்மா இருந்துவிட்டால் ஆட்களை இழந்துவிடுவோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது எட்டிப் பாருங்கள். அளக்க வேண்டாம், கேள்வித்தாள் வேண்டாம். நலம் விசாரித்து, முகவரியைச் சரிபார்த்தால் போதும்.

எப்போது போவது? வெளியூர் போனவர்கள் திரும்பி வரும் நாளில் போக வேண்டும். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. திருப்பூர், பெங்களூரு, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் எங்கே வேலை செய்தாலும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். திருவிழாவுக்கு முன்தினமும் மறுநாளும் எனக்குப் பொன்னான நாட்கள். பொங்கலும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் அப்படியே. அந்தந்தத் தெருவுக்கு அந்தந்தப் பண்டிகை. ஆனால் திருவிழா நாளில் இரத்தம் எடுக்கப் போகாதீர்கள். பலகாரம் சாப்பிட்ட கையோடு இருப்பவரைப் பட்டினி இருக்கச் சொல்வது முறையும் அல்ல, அளவும் சரியாக வராது. முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு, அளப்பதற்கு வேறு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசி எண் நிற்காது. 2016, 2017இல் எங்கள் பட்டியலில் இருந்தவர்கள் சரமாரியாக சிம் மாற்றினார்கள். நாங்கள் வைத்திருந்த எண்களை அழைத்தால் எடுத்துப் பேசியவர்கள் யாரோ. அதிலிருந்து ஒரே ஆளுக்கு மூன்று எண்கள் வாங்குகிறோம். அவற்றில் ஒன்று கட்டாயம் வயதில் மூத்தவருடையது. 2021 நவம்பரில் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்து, குடும்பங்கள் கிடைத்த இடத்துக்குப் போயின. அந்த வாரமே போய் யார் எங்கே போனார்கள் என்று எழுதியதால் பெரும்பாலோரைத் தவறவிடவில்லை. ஒரு மாதம் கழித்துப் போயிருந்தால் விவரம் சொல்ல அக்கம்பக்கத்தாரே இருந்திருக்க மாட்டார்கள். வாக்காளர் பட்டியல், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடைக்காரர் ஆகிய நால்வழியும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கும்போது

பிள்ளை சிறியவனாக இருந்தபோது அப்பாவோ அம்மாவோ ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளையும் தன் சம்மதத்தைச் சொன்னான். 18 நிறைந்ததும் அந்தக் கையெழுத்து செல்லாது. அவனிடமே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிப் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். "உங்கள் அப்பா போட்டுவிட்டாரே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். மறுக்கும் உரிமை அவனுடையது. பாதியில் விலகும் உரிமையும் அவனுடையது.

கல்யாணமான பெண்ணைப் பார்க்கப் போவதுதான் இந்த வேலையில் மிகக் கவனம் தேவைப்படும் இடம். 2011இல் ஒரு பெண்ணின் புகுந்த வீட்டுக்கு, ஆய்வின் பெயர்ப் பலகை ஒட்டிய ஜீப்பில் போய் இறங்கினேன். தெருவே கூடிவிட்டது. "இவளுக்கு என்ன நோய்? எங்களிடம் மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்களா?" என்று மாமியார் கேட்டார். நான் எவ்வளவு விளக்கியும் அவர் முகம் மாறவில்லை. அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. அந்தச் சுற்றில் அவள் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததோ, அது என்னால் வந்தது.

அதன்பின் நான் கடைப்பிடிப்பது இது. முதலில் பெண்ணின் தாய்க்கு அழைப்பு. தாய் மகளைக் கேட்டு, எந்த நாள், எந்த நேரம், எங்கே என்று சொல்வார். பல நேரம் "இங்கே வேண்டாம் அக்கா, அம்மா வீட்டுக்கு வரும்போது சொல்கிறேன்" என்றுதான் பதில் வரும், காத்திருங்கள். புகுந்த வீட்டுக்கே போக நேர்ந்தால் பஸ்ஸில் இறங்கி நடந்து போங்கள். பலகை, சீருடை, பெட்டி எதுவும் வேண்டாம். யாராவது விசாரித்தால், "இவர் படித்த பள்ளியின் பிள்ளைகள் எல்லோரையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து வருகிறோம்" என்று சொல்லுங்கள். அது முழு உண்மை. எவருக்கும் சந்தேகம் தராத உண்மை. பொய் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு பொய் ஒரு தெருவை மூடிவிடும்.

அளப்பது

உயரம் அளக்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்வது எல்லோருக்கும் நினைவிருக்கும். கொண்டையையும் பூவையும் மறந்துவிடுவார்கள். தலைப்பலகை உச்சந்தலையில் படிய வேண்டும். பின்னலை ஓரமாகத் தள்ளுங்கள். கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை இழுத்து நிற்கச் சொல்லி, உங்கள் கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். குள்ளமானவர் உயரமானவரை அளக்கும்போது ஸ்டூல் மீது ஏற வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. இரண்டு முறை அளந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. காலையில் இருக்கும் உயரம் மாலையில் இருக்காது, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூடக் குறையும். ஆகவே நேரத்தையும் எழுதுங்கள்.

எடை மெஷினை மண்தரையில் வைத்தால் தப்பாகக் காட்டும். நான் எப்போதும் ஒரு பிளைவுட் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். தினமும் காலையில் முத்திரையிட்ட 10 கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்த்து, வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிய பிறகே முதல் ஆளை ஏற்றுவேன். பட்டுப் புடவையும் பருத்திச் சுடிதாரும் ஒரே எடை அல்ல. உடுத்தியிருப்பது என்ன என்று எழுதுங்கள்.

பிரஷர் பார்ப்பதில்தான் அவசரம் அதிகம் நடக்கிறது. வந்தவரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீயோ பீடியோ கூடாது. அளக்கும்போது பேச்சும் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். மூன்று முறை பார்த்து, மூன்றையும் எழுதுங்கள். மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: எண்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் பூஜ்ஜியத்தில் முடியும் எண்கள் பத்துக்கு ஒன்றுதான் வர வேண்டும். ஒருவருடைய தாளில் 120, 110, 130 என்றே வரிசையாக வந்தால் அவர் கருவியைப் படிக்கவில்லை என்று பொருள். திட்டாதீர்கள். மறுநாள் அவரோடு போய் உட்காருங்கள்.

கருவி மாறும்போது தொடர் ஆய்வுக்கு வரும் ஆபத்து பெரிது. பாதரசக் கருவியை விட்டுவிட்டு டிஜிட்டலுக்கு மாறியபோது, இரண்டையும் வைத்து ஒரே ஆட்களைச் சில வாரங்கள் அளந்து வித்தியாசத்தை எழுதி வைத்தோம். அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால், 20 வயதுக்கும் 25 வயதுக்கும் நடுவே பிரஷர் ஏறியது மனிதருக்கா கருவிக்கா என்று எவராலும் சொல்ல முடியாது.

சர்க்கரைச் சோதனைக்கு வருகிறவர் முந்தின இரவு ஒன்பது மணியோடு சாப்பாட்டை முடித்திருக்க வேண்டும். "ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "காலையில் எழுந்ததும் என்ன குடித்தீர்கள்?" என்று கேளுங்கள், "அரை டம்ளர் காபிதான்" என்பார்கள். அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு நாள் கொடுங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. அந்த ஒரே நாளில் மூன்று மணி நேரத்தை நமக்குக் கொடுக்கிறார்கள். காலை ஆறரைக்கே தொடங்கி ஒன்பதரைக்குள் சூடான இட்லி கொடுத்து அனுப்புங்கள். குழந்தையைக் கூட்டி வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும்.

கேட்கக் கடினமான கேள்விகள்

அமெரிக்காவில் 1994இல் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருந்த பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய தொடர் ஆய்வு தொடங்கியது. வட கரோலினா பல்கலைக்கழகம் நடத்துவது. முதல் சுற்றில் 20,745 பேரை வீட்டில் போய்ப் பேட்டி கண்டார்கள். குடி, உடலுறவு, வன்முறை பற்றிய கேள்விகளுக்கு அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிள்ளையின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, பதிவு செய்த கேள்வியைக் கேட்க வைத்து, பதிலை அவனையே கம்ப்யூட்டரில் அழுத்தச் சொன்னார்கள். பேட்டி காண்பவருக்குப் பதில் தெரியாது, பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்குக் கேள்வியே கேட்காது. நாங்களும் இப்போது டேப்லெட்டில் அப்படிச் செய்கிறோம். கேள்வியை நம் வட்டாரத்துப் பெண் ஒருவரின் குரலில் பதிவு செய்தோம். வானொலிச் செய்திக் குரலில் கேட்டால் பிள்ளைகள் விறைத்துப் போகிறார்கள்.

தனிமை கிடைக்காத வீடுகளில் மொட்டை மாடிக்குப் போவோம். நடுவில் மாமியார் வந்து உட்கார்ந்துவிட்டால் கேள்வியை நிறுத்தி மௌனமாகாதீர்கள். அது சந்தேகம் தரும். கையில் வேறொரு கேள்வித்தாள் வைத்திருங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் கீரை, எந்த எண்ணெய் என்று அதற்குத் தாவிவிடுங்கள்.

பூப்பெய்திய வயது மிக முக்கியமான விவரம். 30 வயதில் கேட்டால் ஒன்றிரண்டு ஆண்டு முன்பின்னாகச் சொல்வார்கள். நடந்த ஓராண்டுக்குள் கேட்டு எழுதுங்கள். மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ் பல வீடுகளில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதிலுள்ள தேதியை அப்படியே எடுக்காதீர்கள். பணம் சேரவில்லை என்று விழாவைத் தள்ளிப் போட்டிருப்பார்கள். "விழாவுக்கு எத்தனை மாதத்துக்கு முன்?" என்று அம்மாவிடம் கேளுங்கள்.

பேட்டி தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று மொட்டையாக வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் வன்முறை நடந்தது என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்வதா வேண்டாமா என்று பிள்ளை முடிவு செய்யட்டும். சாக வேண்டும் போல் இருக்கிறது என்று ஒருவர் பதில் கொடுத்தால் அந்த வீட்டைவிட்டு நகராதீர்கள், குழுவின் மருத்துவரை அங்கிருந்தே அழையுங்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416, பெண்களுக்கான உதவி எண் 181 இரண்டையும் சிறு சீட்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள். சோதனை முடிவை அதிகபட்சம் ஒரு வாரத்தில், பொருள் புரியும்படி எழுதி அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். மாமனாரிடமோ கணவரிடமோ கொடுத்து அனுப்பக் கூடாது.

கிடைக்காதவர்கள்

சொந்த வீட்டில், அதே தெருவில், வசதியாக இருப்பவர்களை எவரும் கண்டுபிடித்துவிடலாம். படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போனவன், கடனுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன குடும்பம், கணவனை விட்டு வந்தவள்: நாம் தேட வேண்டியது இவர்களைத்தான். இவர்களை விட்டுவிட்டு, கிடைத்தவர்களை மட்டும் வைத்து "இந்த ஊர்ப் பிள்ளைகள் நலமாக வளர்ந்திருக்கிறார்கள்" என்று எழுதினால் அது பொய். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972, 1973இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து வருகிறார்கள். 45 வயதில், உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள். உலகில் எங்கே இருந்தாலும் விமான டிக்கெட் எடுத்து அழைத்து வருகிறார்கள். அமெரிக்க ஆய்வில் சிறையில் இருந்தவர்களை அங்கேயே போய்ப் பார்த்துப் பேசினார்கள். நம்மிடம் விமான டிக்கெட்டுக்குப் பணம் இருக்காது. திருப்பூருக்குப் பஸ் டிக்கெட்டுக்கும் ஒரு நாள் கூலிக்கும் கேட்டு வாங்கலாம். நான் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.

இறந்தவர், மறுத்தவர், கிடைக்காதவர் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அறிக்கை எழுதுகிறவர்கள் கிடைத்தவர்களின் முதல் சுற்று அளவுகளையும் கிடைக்காதவர்களின் முதல் சுற்று அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரியும்.

இறப்பு நடந்த வீட்டுக்குப் போனால் நோட்டைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். போய் உட்காருங்கள். 22 வயதில் பைக் விபத்தில் போன ஒரு பையனின் வீட்டுக்குப் போனேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அந்த அம்மாதான் கேட்டார்: "அவனை நீங்கள் அளந்தீர்களே, எவ்வளவு உயரம் இருந்தான்?" பதிவேடு பையில் இருந்தது. 14 வயதில் 158.6, 18 வயதில் 171.2 என்று படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். மூன்றாவது முறை, ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

சுற்று முடிந்து கிளம்பும்போது

அளந்தாயிற்று, கேட்டாயிற்று, பணப் படியும் கொடுத்தாயிற்று என்று எழுந்துவிடாதீர்கள். முதல் நாள் எழுதிய முகவரிப் பக்கத்தைத் திறந்து, அவர் முன்னாலேயே ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். தாய்மாமன் இறந்திருப்பார், தோழி துபாய் போயிருப்பாள். புதியதை எழுதித் தேதி போடுங்கள். அடுத்த முறை வருவது நீங்களாக இருக்கப் போவதில்லை. உங்களை அறியாத ஒருவர், உங்கள் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நிற்பார். அவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

ஆம்பூர்ப் பெண்ணிடமும் கடைசியாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 13 வயதில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்: நீ வேறு எங்காவது போய்விட்டால் யாருக்கு முதலில் தெரியும்? இந்த முறை அவள் யோசிக்கவே இல்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தன் மகளைக் காட்டினாள். அந்தப் பெயரை, எழுத்துக்கூட்டிக் கேட்டு, ஓரத்தில் எழுதினேன். வயது 9, நான்காம் வகுப்பு.